முனிரத்தினம் வாங்காத அடிகள்

தங்கத்தைப் பிரித்துவிட்டுக் கொட்டிய கழிவு மண் குவிந்த சயனைடு மேட்டிலிருந்து காற்றடிக்கிற மாதங்களில் சோற்றிலும் குழம்பிலும் வெள்ளைத் தூசி விழுந்து பல்லில் நறநறவென்று கடிபட்ட அந்தத் தங்கச் சுரங்கத்துக் கூலிகளின் லைன் வீடுகளில், முனிரத்தினம் என்று ஒருவன் இருந்தான். எந்தக் குத்து விழுந்தாலும் அவனுக்கு வலித்ததில்லை. அவனுக்கு வரவேண்டிய வலியை லைனில் வேறு யாராவது வாங்கிக்கொண்டார்கள். இதை யாரும் அதிசயம் என்று சொல்லவில்லை. பூமிக்கு அடியில் மைல் கணக்கில் இறங்கி, அங்கே கொதிக்கிற பாறையைக் குடைந்து, கொண்டுவந்த தங்கத்தில் ஒரு குண்டுமணிகூடத் தன் பெண்டாட்டி காதில் ஏறாமல் வாழ்ந்து முடிக்கிற ஜனங்களுக்கு எதைத்தான் அதிசயம் என்று சொல்லத் தோன்றும்?

முதல்முதலாக அது நடந்தது கிறிஸ்துமஸுக்கு மறுநாள் கம்பெனி நடத்திய குத்துச்சண்டையில். முனிரத்தினம் சுரங்கத்துக்குள் முட்டு வைக்கும் கேங்கில் வேலை செய்தான். குடைந்த இடத்தில் கூரைப்பாறை இறங்காமலிருக்க மரக்கட்டைகளை நிறுத்தி ஆப்படித்து இறுக்குகிற வேலை. அதனால் தோளும் முன்கையும் முறுக்கேறியிருந்தானே தவிர ஆள் ஒல்லி. எடை பார்த்தால் நூற்று முப்பத்தைந்து ராத்தலுக்கு ஒரு பிடி அரிசி குறையும். லைட்வெயிட் பிரிவுக்கு அளவெடுத்துச் செய்த உடம்பு என்று அவனைப் பழக்கிய டேனியல் மாஸ்டர் சொல்வார். அன்றைக்கு எதிரில் நின்றவன் பெங்களூரிலிருந்து வந்த போலீஸ்காரன். அவன் விட்ட குத்து தாடையில் இறங்கி முனிரத்தினத்தின் தலை பின்னால் போய்த் திரும்பிவந்ததை மைதானமே பார்த்தது. வந்த தலை சிரித்துக்கொண்டு வந்தது. அதே நேரத்தில், மைதானத்துக்கு வெகு தூரத்தில், வீட்டு வாசலில் முறத்தை வைத்து அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்த அவன் பெண்டாட்டி தேசம்மா பக்கவாட்டில் சாய்ந்து விழுந்தாள்.

பக்கத்து வீட்டு ராசாத்தி ஓடிவந்து தூக்கினாள். தேசம்மா வாயைத் துடைத்துக்கொண்டு, "பல்லு ஒண்ணு அரிசில விழுந்துட்டுது, பொறுக்கிக் குடு" என்றாள். இரண்டு பேரும் பல்லைத் தேடி எடுத்து ஓட்டின் மேல் வீசிவிட்டு, அரிசியைக் கழுவி உலையில் போட்டார்கள். வீணாக்க முடியுமா?

அடுத்த சண்டையில் தேசம்மாவுக்கு மூக்கில் ரத்தம் வந்தது, அத்தோடு முட்டு வைக்கும் கேங்கின் மேஸ்திரி சடையனுக்கு விலா வீங்கியது. சடையன் அன்று மைதானத்தில் தொண்டை கிழியக் கத்தியவர். அதற்கடுத்த சண்டையில் அடி பத்துப் பன்னிரண்டு பேருக்குப் பிரிந்து போனது, ஆனால் ராசாத்திக்கு மட்டும் ஒன்றுமில்லை. குழாயடியில் முறை தவறியதற்காகத் தேசம்மாவோடு பேச்சு நின்றிருந்த நேரம், அவள் புருஷன் தோற்று வரட்டும் என்று ராசாத்தி மனதுக்குள் நினைத்திருந்தாள். அதை அவளே வெட்கத்தோடு சொன்ன பிறகுதான் ஜனங்களுக்குக் கணக்குப் பிடிபட்டது. எவர் மனதில் முனிரத்தினம் ஜெயிக்கவேண்டும் என்கிற ஆசை இருக்கிறதோ அவருக்கு அடி போகிறது, அதிகம் ஆசைப்படுகிறவருக்கு அதிகமாகப் போகிறது. தூரம் ஒரு பொருட்டில்லை, கதவைச் சாத்திக்கொண்டாலும் வரும், கம்பெனி ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்திருந்தாலும் தேடிக்கொண்டு வரும்.

லைன் அதைப் பழகிக்கொண்டது. ஒருவருக்கு மேல் ஒருவர் சரிந்து தூங்குகிற வீடுகளில் வலியையும் அப்படித்தான் பங்கு போட்டுக்கொண்டார்கள். சண்டைக்கு மறுநாள் காலைச் சங்கு ஊதியதும் ஷாஃப்ட் என்கிற சுரங்கக் கிணற்றில் கூண்டேறி இறங்க வரிசையில் நிற்கிறவர்களில் பாதிப் பேருக்கு இடது கண் ஊதியிருக்கும், ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்துக்கொள்வார்கள். ஆஸ்பத்திரிக் கம்பவுண்டர் எப்படிப் பட்டது என்று கேட்பதை நிறுத்திவிட்டு ஊதா மருந்தைச் சட்டியோடு வெளியே வைத்தார். பிள்ளைத்தாய்ச்சிகளைச் சண்டை நேரத்தில் ஓரிடத்தில் உட்காரவைத்து, மாங்காய் ஊறுகாயைப் பற்றி மட்டும் நினைக்கச் சொல்லி, நினைவு தப்பாமலிருக்க ஒரு கிழவர் ஊறுகாய்க் கதையாகச் சொல்லிக்கொண்டிருந்தார். மாப்பிள்ளை பார்க்க வந்தவர்கள் பையன் முகத்தில் காயம் இல்லாவிட்டால் யோசித்தார்கள், லைனுக்கு ஆகாதவன் நாளைக்குப் பெண்டாட்டிக்கு மட்டும் ஆவானா என்று. இப்படி ஒரு மவுசு வந்ததும், சில பேர் ஊதா மருந்தை வீட்டில் பதுக்கி வைத்துக் கன்னத்தில் பூசிக்கொண்டு வந்ததையும் சொல்லத்தான் வேண்டும். நம் ஜனங்கள் எதிலும் கலப்படம் பண்ணத் தெரிந்தவர்கள்.

ஒரே ஒரு ஆளிடம் மட்டும் இதைச் சொல்லக்கூடாது என்று முடிவானது. "அவனுக்குத் தெரிஞ்சா கை கூசும். கூசுன கை குத்தாது" என்று மேஸ்திரி சடையன் சொன்னார், எல்லோரும் ஒத்துக்கொண்டார்கள். அதனால் முனிரத்தினம் கேட்கும்போதெல்லாம் தேசம்மா குழாயடியில் வழுக்கியதாகச் சொன்னாள், சடையன் ஏணியில் இடறியதாகச் சொன்னார், ஊரில் பாதிப் பேர் கதவில் இடித்துக்கொண்டார்கள். அவன் நம்பினான். வலி தெரியாதவன் எதையும் சுலபமாக நம்புவான்.

இதில் வயிறெரிந்தவர் டேனியல் மாஸ்டர் ஒருவர்தான். காவல் கையைத் தூக்கு என்று அவர் தினமும் சொன்னார், பிரம்பால் முழங்கையைத் தட்டித் தட்டிச் சொன்னார்.

"எதுக்கு மாஸ்டர்? நமக்குத்தான் ஒண்ணும் வலிக்கலியே" என்பான் முனிரத்தினம்.

மாஸ்டர் வாயைத் திறப்பார், லைனின் கட்டுப்பாடு நினைவுக்கு வரும், மூடிக்கொள்வார். தாடையை நீட்டிக்கொண்டு, கைகளை இடுப்புக்குக் கீழே தொங்கவிட்டு, மூன்று குத்து வாங்கி ஒரு குத்து விடுகிற முனிரத்தினத்தின் சண்டையைப் பார்க்க மெட்ராஸிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் ஆட்கள் வந்தார்கள். இப்படி ஒரு நெஞ்சுரமா என்று பத்திரிகைகளில் எழுதினார்கள். எழுதினவர்களுக்கு நெஞ்சு யாருடையது என்று தெரியாது.

இப்படியே ஜெயித்து ஜெயித்து அவன் அகில இந்திய லைட்வெயிட் பட்டத்துக்கே சவால் விடுகிற இடத்துக்கு வந்துவிட்டான். பட்டத்தை வைத்திருந்தவன் வடக்கே ஒரு ரயில்வே காலனியைச் சேர்ந்த பார்லோ என்கிற ஆங்கிலோ இந்தியன். எஞ்சினுக்குக் கரி வாரிப் போட்டு வளர்ந்த கை. பதினைந்து ரவுண்ட் சண்டை, அதுவும் சுரங்க ஊர் மைதானத்திலேயே. சுரங்கக் கூலி ஒருவன் அந்தப் பட்டத்துக்கு நின்றது அதுவரை கிடையாது. கம்பெனியின் பெரிய துரை சந்தோஷப்பட்டு எல்லோர் முன்னாலும் ஒரு வாக்குக் கொடுத்தார். பட்டத்தை ஜெயித்தால் முனிரத்தினம் இனிமேல் சுரங்கத்துக்குள் இறங்க வேண்டாம், எஞ்சின் கொட்டகையில் மேல்வேலை தரப்படும்.

மற்றவர்களுக்குப் பட்டம் பெரிதாக இருந்தது. தேசம்மாவின் காதில் மேல்வேலை என்கிற சொல் மட்டும்தான் விழுந்தது. அவளுடைய அப்பன் மேல் பாறை இறங்கி, அவரைச் சாக்கில் அள்ளிக்கொண்டு வந்தார்கள். அண்ணன் கல்தூசி அடைத்த நெஞ்சோடு இரண்டு வருஷம் உட்கார்ந்தபடியே தூங்கி உட்கார்ந்தபடியே செத்தான். ஏர் பிளாஸ்ட் என்று சொல்வார்களே, உள்ளே பாறை வெடித்து மேலே வீடுகளின் பானை சட்டியெல்லாம் ஆடும், அது வரும்போதெல்லாம் வாசலுக்கு ஓடிவந்து ஷாஃப்டின் மேலுள்ள சக்கரம் சுற்றுகிறதா நின்றுவிட்டதா என்று பார்க்கிற பெண்களின் கூட்டத்தில் அவள் நினைவு தெரிந்த நாளிலிருந்து நின்றிருக்கிறாள். புருஷன் பகலில் வெளிச்சத்தில் வேலை செய்து சாயங்காலம் நடந்து வீட்டுக்கு வரவேண்டும், அவ்வளவுதான் அவள் கேட்டது. அந்த ஆசை அவளுக்குள் எத்தனை ஆழம் இறங்கியிருந்தது என்று அவளுக்கே தெரியாது.

சண்டைக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை சடையன் லைனைக் கூட்டினார். பார்லோவின் குத்து இதுவரை வந்ததைப் போன்றதல்ல, பத்துப் பேருக்குப் பிரிந்தால் பத்துப் பேரும் காலி. ஆனால் சடையன் ஆயுசு முழுக்கப் பாறைக்கு முட்டுக் கொடுத்த ஆள், அவருக்கு யோசனை தயாராக இருந்தது.

"கூரை கனமா இருந்தா நாம இன்னா பண்றோம்? முட்ட நெருக்கி வெக்கிறோம். பத்து வெக்கிற எடத்துல நூறு வெச்சா ஒரு முட்டுக்கும் சேதாரமில்ல. எல்லா லைனும் மைதானத்துக்கு வரணும். ஒருத்தர் பாக்கியில்லாம ஆசைப்படணும். அவன் குத்து கொசு கடிச்சாப்ல போயிடும்."

எல்லோருக்கும் அது சரியாகப் பட்டது. தேசம்மா மட்டும் எழுந்து நின்றாள். அப்போதே அவளுக்கு ஒரு பக்கத்துக் காது கேட்காது.

"மரம் எங்கியும் ஓடாது மேஸ்திரி. ஜனம் ஓடுமே."

"நம்ம ஜனம் எங்கம்மா ஓடும்? ஓடத் தெரிஞ்சிருந்தா இந்த ஊர்ல எதுக்குக் கெடக்குது?" என்றார் சடையன். கூட்டம் சிரித்துவிட்டுக் கலைந்தது.

சண்டை நடந்த சனிக்கிழமை மத்தியானம் சுரங்கத்துக்கு விடுமுறை விட்டார்கள். சயனைடு மேடு வெயிலில் வெள்ளையாகப் பளபளத்தது, அதன் அடிவாரத்து மைதானத்தில் கயிறு கட்டிய மேடை, மேடையைச் சுற்றி நாற்காலிகளில் துரைமாரும் அவர்கள் வீட்டம்மாக்களும், அதற்குப் பின்னால் புல்லே தெரியாமல் லைன் ஜனங்கள். பெண்கள் சண்டை பார்க்க வந்தது அதுதான் முதல் தடவை. இடுப்பில் பிள்ளையோடு வந்தார்கள், கட்டுச்சோற்றோடு வந்தார்கள், நடக்க முடியாதவர்களை நார்க்கட்டிலில் தூக்கிவந்தார்கள். ஆள் கூடக் கூட முட்டு கூடுமல்லவா? தேசம்மா முன்வரிசையில் தரையில் உட்கார்ந்திருந்தாள், ராசாத்தி அவள் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். பேச்சு நின்ற காலமெல்லாம் மலையேறிவிட்டது.

மணி அடித்தது. பார்லோ நடுவில் வந்து ஒரு நிமிஷம் வேடிக்கை பார்ப்பதைப் போலப் பார்த்துவிட்டு, வலது கையை எடுத்து முனிரத்தினத்தின் இடது கன்னத்தில் இறக்கினான். மைதானத்திலிருந்த அத்தனை கறுத்த தலைகளும் ஒரே நேரத்தில் வலது பக்கம் லேசாகச் சாய்ந்து நிமிர்ந்தன. கொசு கடித்த அளவுதான். உடனே ஒரு சிரிப்பு, அந்த ஊர் அப்படிச் சிரித்து யாரும் கேட்டதில்லை. அடுத்த குத்துக்கு எல்லோரும் இடது பக்கம் சாய்ந்தார்கள். வயிற்றில் குத்தினால் ஊரே ஹூம் என்று மூச்சு விட்டது. நாற்காலியிலிருந்த ஒரு துரைசானி யாருக்கும் தெரியாமல் தன் கன்னத்தைத் தடவிக்கொண்டாள். பாவம், அவளும் ஆசைப்பட்டிருக்கிறாள்.

ரவுண்ட் ரவுண்டாகப் பார்லோ குத்திச் சலித்தான், முனிரத்தினம் கையைத் தொங்கவிட்டுக்கொண்டு சிரித்தபடி திருப்பிக் கொடுத்தான். பார்லோவின் புருவம் கிழிந்தது. பட்டம் கைக்கெட்டும் தூரத்தில் வந்துவிட்டது என்று நடுவர்களின் முகமே சொன்னது. சடையன் தோளிலிருந்த துண்டைச் சுழற்றி ஆடிக்கொண்டிருந்தார். தேசம்மா அன்றைக்குத்தான் முதல்முறையாகப் புருஷன் சண்டையைப் பார்த்தாள், அதுவும் வலியில்லாமல், எஞ்சின் கொட்டகைக்கு எந்தப் பாத்திரத்தில் சோறு கொடுத்தனுப்புவது என்று யோசிக்கக்கூட ஆரம்பித்துவிட்டாள்.

ஒன்பதாம் ரவுண்டில், நார்க்கட்டிலில் தூக்கிவரப்பட்ட மண்ணாங்கட்டி என்கிற, பாறையில் துளை போட்ட பழைய டிரில்காரர், நெஞ்செல்லாம் கல்தூசி நிறைந்த ஆள், ஒரு சத்தம் போட்டார். விலாவில் விழுந்த குத்தில் அவர் பங்குக்கு வந்ததும் கொசுக்கடிதான், ஆனால் அந்த விலாவுக்கு அதுவும் ஜாஸ்தி. டக் என்று ஒரு முறிவு, அதன் பின்னால் நீளமாக ஒரு முனகல், அப்புறம் அவர் அசையவில்லை.

சுரங்கத்தில் இரும்பை வைக்காமல் மரத்தை ஏன் முட்டாக வைக்கிறார்கள் தெரியுமா? மரம் உடைவதற்கு முன்னால் சத்தம் கொடுக்கும். டக் என்று ஒரு முறிவு, நீளமாக ஒரு முனகல். அது காதில் விழுந்தால் கையிலிருப்பதைப் போட்டுவிட்டு, பக்கத்திலிருப்பவன் யார் என்று திரும்பிப் பார்க்காமல் ஓடவேண்டும், யோசித்தவன் செத்தான். அப்பன் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுத்து, எலும்பில் ஊறிப்போன பழக்கம் அது. மைதானத்தில் ஒரு கால்கூட நகரவில்லை. மனசுகள் ஓடின. முதலில் ஓடியது சடையனின் மனசு, ஏனென்றால் அந்தச் சத்தத்தை அவரைப் போலக் கேட்டுப் பழகிய காது அங்கே இல்லை. தாய்மார்கள் இடுப்பிலிருந்த பிள்ளையை நினைத்தார்கள். பிள்ளைத்தாய்ச்சிகள் ஊறுகாயை நினைத்தார்கள். போதும், முடியட்டும், அவன் தோற்றாலும் பரவாயில்லை என்று ஆளுக்கொரு மூலையில் அவரவர் நெஞ்சுக்குள் ஒதுங்கினார்கள். அவர்களைத் திட்டுவதற்கு எனக்கு வாய் வரத்தான் செய்கிறது, ஆனால் அந்தச் சத்தத்தை நான் உள்ளே இருந்து கேட்டதில்லை.

அடுத்த குத்துக்கு நூறு தலைகள் ஆடின. அதற்கடுத்ததற்குப் பத்து. அதன் பிறகு தேசம்மா ஒருத்தியின் தலை மட்டும் ஆடியது.

அவளும் ஓடப் பார்த்தாள். தோற்கட்டும் என்று நினைத்துப் பார்த்தாள். நினைத்த உடனே கூண்டில் ஏறி இறங்குகிற புருஷனின் உச்சந்தலை கண்ணுக்கு வந்தது, அதற்குமேல் அவளால் நினைக்க முடியவில்லை. மூக்கு உடைந்தது, உதடு பிளந்தது, ஒரு கண் மூடிக்கொண்டது. ராசாத்தி அவள் தலையைத் தன் மடியில் அழுத்திக்கொண்டு, எனக்கு வரட்டும், எனக்கு வரட்டும் என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். வாய் சொன்னது, மனசு வரவில்லை. அவள் மேல் ஒரு கீறலும் விழவில்லை.

பதிமூன்றாம் ரவுண்ட் முடிந்து மூலைக்கு வந்து உட்கார்ந்தவனிடம் டேனியல் மாஸ்டர் தண்ணீர்கூடக் கொடுக்கவில்லை.

"நீ வாங்கற அடியெல்லாம் எங்கடா போவுது?"

"எங்கியும் போவல மாஸ்டர். எனக்குத்தான் ஒறைக்கலியே."

"அந்தப் பக்கம் பாரு."

முனிரத்தினம் பார்த்தான். ராசாத்தியின் மடியில் கிடந்த முகம் யாருடையது என்று சேலையை வைத்துத்தான் கண்டுபிடித்தான்.

"மொத நாள்லேர்ந்தே அப்படித்தான்டா. ஒனக்காக ஆசப்பட்றவங்களுக்குப் போவுது. குழாயடில எவ வழுக்கி வுழுந்தா இத்தன வாட்டி? மாஸ்டர்னு என்னைக் கூப்ட்டியே, நான் சொல்லாம இருந்துட்டன்டா." மாஸ்டர் அழுதார்.

மணி அடித்தது. முனிரத்தினம் எழுந்து, வாழ்க்கையில் முதல்முறையாகக் காவல் கையைத் தூக்கினான். தூக்கத் தெரியவில்லை. எந்தக் குத்துக்கு எந்தக் கையை எங்கே வைக்கவேண்டும் என்பது வலி சொல்லித் தருகிற பாடம், அந்தப் பாடத்துக்கு அவன் போனதே இல்லை. முகத்தை மறைத்தால் விலா திறந்தது, விலாவை மறைத்தால் காது திறந்தது. ஒவ்வொரு குத்தும் இறங்கும்போது அவன் பார்லோவைப் பார்க்கவில்லை, தேசம்மாவைத்தான் பார்த்தான், பார்த்தது எல்லாம் அவள் உடம்பில் நடந்தது.

அப்புறம் பார்லோ கையை ஓங்கி, இன்னும் இறக்காமலிருந்த அந்த இடைவெளியில், முனிரத்தினம் தானாகவே கீழே விழுந்தான். சாக்கு மூட்டையை இறக்கிவைக்கிற மாதிரி பொத்தென்று விழுந்து, கையை விரித்துக்கொண்டு படுத்துக்கொண்டான். ரெஃப்ரி எண்ண ஆரம்பித்தார்.

"எழுந்துருய்யா" என்று தேசம்மா கூப்பிட்டாள். உதடு கிழிந்து வார்த்தை சரியாக வரவில்லை. "இன்னும் கொஞ்சந்தான்யா கீது. நான் தாங்கிக்கிறன். எழுந்துரு."

அவன் கண்ணை மூடிக்கொண்டான். பத்து எண்ணி முடித்தார்கள், பார்லோவின் கையைத் தூக்கினார்கள்.

இதற்கப்புறம் லைன் நடந்துகொண்ட விதம் எனக்கு இன்றைக்கும் ஆறவில்லை. தங்கள் மனசு ஓடிப்போனதை ஒருவரும் ஒருவரிடமும் சொல்லிக்கொள்ளவில்லை. அடி படாமலே விழுந்தானே என்பதுதான் எல்லோருக்கும் சௌகரியமாகக் கிடைத்தது. கோழைப்பயல் என்றார்கள், ரயில்வேக்காரனிடம் விலை போய்விட்டான் என்றார்கள். பெண்டாட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு மைதானத்தைவிட்டு அவன் நடந்துபோகையில் எவனோ ஒரு கல்லை எடுத்து அவன் முதுகில் வீசினான். கல் அவன் முதுகில் பட்டுக் கீழே விழுந்தது. அவன் தோளில் கிடந்த தேசம்மா முனகினாள். வீட்டுக்குப் போய்ப் பார்த்தபோது அவள் முதுகில் கல் அளவுக்குக் கன்றியிருந்தது. சண்டை முடிந்தும் அது முடியவில்லை என்பது அப்போதுதான் அவனுக்குத் தெரிந்தது.

தேசம்மாவுக்கு ஒரு கண் போனது போனதுதான். எழுந்து உட்கார முடிந்த அன்றைக்கு அவள் கேட்ட முதல் கேள்வி, "எதுக்கு வுழுந்த?" என்பது.

"நீ செத்துருப்படி."

"இன்னும் ஒரு ரவுண்டுய்யா. இத்தன வருசம் தாங்கனவ ஒரு ரவுண்டு தாங்க மாட்டனா? இப்ப மறுபடி உள்ள எறங்கப் போறியே, அத எப்பிடித் தாங்கறது?"

தோற்றவனுக்கு மேல்வேலை கிடையாது. ஊரைவிட்டுப் போயிருக்கலாமே என்று கேட்கிறவர்கள் இருக்கிறார்கள். எங்கே போவது? ஆற்காட்டுப் பக்கத்துச் சொந்த ஊரில் காலில் செருப்போடு தெருவில் நடந்ததற்காகக் கட்டிவைத்து அடித்தார்கள் என்றுதான் அவன் தாத்தா தங்கம் தோண்ட ஓடிவந்தார். அந்தத் தெரு அங்கேயே இருந்தது.

அதனால் முனிரத்தினம் வேறொரு வழி கண்டுபிடித்தான். பெண்டாட்டிக்குத் தன் மேல் ஆசை விட்டுப்போகும்படி செய்வது என்று தீர்மானித்தான். குடித்துவிட்டு வந்தான், சட்டியை உடைத்தான், ஊரார் கேட்க அவள் அப்பனையும் அண்ணனையும் இழுத்து ஏசினான், சோற்றுத் தட்டைக் காலால் தள்ளினான். வேலை முடிந்து வீட்டுக்கு வராமல் சாயங்காலமெல்லாம் சாராயக்கடை வாசலில் உட்கார்ந்திருந்தான். தேசம்மா தேடிவந்து எதிரில் நின்றாள்.

"என்ன வெறுத்துடு தேசம்மா. ஒன் காலப் புடிச்சிக் கேக்கறன்" என்றான்.

"நானும் பாக்கறன்யா. சட்டிய ஒடைக்கிறன்னு ஓட்டச் சட்டியாப் பாத்து ஒடைக்கிற. தட்டத் தள்ளிட்டு, நான் துன்னனான்னு கதவுச் சந்துல பாக்கற. ஒனக்கு நடிக்கவும் வரல." அவள் அவன் கையைப் பிடித்துத் தூக்கினாள். "வா, ஊட்டுக்குப் போலாம்."

மறுநாள் காலையும் சங்கு ஊதியதும் அவன் கூண்டில் ஏறி இறங்கினான். அதன்பின் எல்லா நாளும் இறங்கினான். கேங்கில் யாரும் அவனோடு சரியாகப் பேசுவதில்லை, சடையன்கூட வேலையை மட்டும் சொல்வார். அவன் உள்ளே சுத்தியை விரலில் போட்டுக்கொள்ளாமல், தலையில் இடித்துக்கொள்ளாமல், ஒவ்வொரு அடியையும் யோசித்து எடுத்துவைத்தான். சுரங்கத்திலேயே அவ்வளவு ஜாக்கிரதையான ஆள் கிடையாது. அப்படியும் சில சாயங்காலம் வீட்டுக்குப் போய்ப் பார்த்தால் தேசம்மா முழங்கையில் துணி சுற்றியிருப்பாள்.

மழைக்கு முந்திய ஒரு நாள், காலை ஷிஃப்டில், பூமி குலுங்கியது. வீடுகளில் பானைகள் உருண்டன. வாசலுக்கு ஓடிவந்து பார்த்த பெண்களுக்குச் சக்கரம் நின்றிருப்பது தெரிந்தது. முட்டு வைக்கும் கேங் வேலை செய்த இடத்தில் கூரை மொத்தமாக இறங்கிவிட்டது, சடையனும் இன்னும் சிலரும் சத்தம் கேட்டு ஓடித் தப்பித்திருந்தார்கள், உள்பக்கம் நின்ற முனிரத்தினம் அகப்பட்டுக்கொண்டான். தப்பியவர்களே திரும்பி நின்று கல்லை அள்ள ஆரம்பித்தார்கள். கோழை என்று சொன்னவர்களும் அள்ளினார்கள். ஷிஃப்ட் முடிகிற நேரத்துக்குப் பாறைகளுக்கு நடுவில் ஒரு கை தெரிந்தது, பிறகு தோள், பிறகு நெஞ்சின் குறுக்கே கட்டில் அகலத்துக்கு ஒரு கல். கடப்பாரை கொடுத்து அதைப் புரட்டினார்கள். முனிரத்தினம் கண்ணைத் திறந்தான்.

உயிரோடு ஆள் கிடைத்தால் சுரங்கத்தில் ஒரு கூச்சல் எழும்பும், அது ஷாஃப்ட் வழியாக மேலே போய் மேலிருப்பவர்களும் கூச்சலிடுவார்கள். அன்றைக்கு யாரும் வாயைத் திறக்கவில்லை. சடையன் மட்டும் குனிந்து கேட்டார்.

"அடி பட்டுக்கீதாடா?"

முனிரத்தினம் எழுந்து உட்கார்ந்தான். தலையைத் தடவினான், விரலை விளக்கில் காட்டிப் பார்த்தான். நெஞ்சை அழுத்தினான். இரண்டு கால்களையும் மடக்கி நீட்டினான். பிறகு சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டு அவர்கள் முன்னால் திரும்பி முதுகைக் காட்டினான்.

"எங்கியாவது இருக்கும் மேஸ்திரி. ஒண்ணாவது இருக்கும். நல்லாப் பாருங்க" என்றான்.

எல்லோரும் விளக்குகளைக் கிட்டே கொண்டுவந்து, உச்சந்தலையிலிருந்து பாதம் வரைக்கும் பார்த்தார்கள். தூசியைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தார்கள். ஒரு கீறல்கூட இல்லை.